நால்வருக்கு ஒரு கருவி போதும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“விஞ்ஞானக் கருவிகள் வந்தபின் ஆசிரியர் தேவையா, இல்லையா?” இதுதான் இவ்வாண்டு எங்கள் பள்ளித் தமிழ் மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்தின் தலைப்பு. இரண்டு அணியினரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஓர் அணியினர் செயற்கைக்கோள், கணிப்பொறி, கைப்பேசி என்று அடுக்கினார்கள். மற்ற அணியினர் மாதா, பிதா, குரு, தெய்வம் என்று தொடங்கிக் கைதட்டல் வாங்கினார்கள். வழக்கம் போல ‘இரண்டும் தேவை’ என்று தீர்ப்பு வந்தது. எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனோம். ஆனால் எனக்கு மட்டும் ஒரு குறை. கருவியைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியரைப் பற்றிப் பேசினார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவளைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

கருவி என்றதும் மின்சாரத்தில் ஓடுவதையே நாம் நினைக்கிறோம். ஒரு காலத்தில் மணலும் கருவியாகத்தான் இருந்தது. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் அழிக்க ஒரு தட்டுத் தட்டினால் போதும்! இதைத் தம் விடுதியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, மற்றச் சிறுவர்களுக்கு நீ சொல்லிக் கொடு என்றார். அவனும் சொல்லிக் கொடுத்தான். பிள்ளைகளும் படித்தார்கள். 1797-இல் அவர் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் எத்தனையோ பள்ளிகள் இந்த வழியைப் பின்பற்றின. அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மதராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்விட்டார், நமக்குத்தான் தெரியவில்லை!

இங்கே அந்தச் சட்டாம்பிள்ளை என்ன ஆனார் தெரியுமா? கிளாஸ் லீடர் ஆகிவிட்டார். ஆசிரியை வெளியே போனால், பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருக்கிறது. தோழிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் ‘பேசினாள்’ என்றுதான் எழுதப்படும். (எங்கள் லீடர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நம் சாத்தூரும் ஒரு காலத்தில் பள்ளிகளுக்குக் கருவி செய்து அனுப்பிய ஊர்தான். இன்று சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும்தான் வெளியூரார் நினைவுக்கு வரும். ஆனால் பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர் இது. பால்பாயின்ட் பேனா வந்தது. நிப்புத் தொழில் நலிந்தது. பால்பாயின்டால் எழுதினால் கையெழுத்துக் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் அதை வகுப்பில் சேர்க்கவே மாட்டார்களாம். என் பாட்டி சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது கைப்பேசியைப் பற்றி நாம் பேசும் பேச்சையெல்லாம் கேட்டால் அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நினைவு வருகிறது.

அதற்காகக் கைப்பேசியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவளும் நான் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது எங்கள் வயதுப் பெண்களுக்கு வயது பத்து. பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். மாலையில் வந்ததும் முதலில் அண்ணனுக்கு, அவனுக்குத் தேர்வு வருகிறதாம். என் கைக்கு வரும்போது சார்ஜ் இருக்காது, அல்லது டேட்டா இருக்காது. கிடைத்த நாளிலும் என்ன? ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஆசிரியையின் முகம். மற்றக் கட்டங்களில் பெயர் மட்டும். “எல்லோரும் மியூட் பண்ணுங்க” என்பதுதான் அன்றாடம் கேட்ட முதல் வாக்கியம். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. அவற்றில் நல்ல பாடங்களும் உண்டு. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிடம் “எனக்குப் புரியவில்லை” என்று எப்படிச் சொல்வது? கருவி இருந்தது, ஆசிரியரும் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து “ஏய், இதைப் பாருடி, இப்படித்தான்” என்று சொல்ல ஒருத்தி இல்லை. அந்த ஒன்றரை ஆண்டில் எங்கள் தெருப் பிள்ளைகளில் சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பதையே மறந்துவிட்டார்கள்.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ எங்கள் தெருவுக்கும் வந்தது. மாநிலமெங்கும் லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் தெருவில் சொல்லிக் கொடுத்த அக்கா அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம். ஒரு சாக்கு, ஒரு சின்னப் பலகை, அக்காவுடைய கைப்பேசி, அவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்தது என்றாலும் நாங்களும் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வோம். அக்கா ஒரு பாட்டைக் கைப்பேசியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட மாட்டார்கள். “இதில் வந்த குருவி எதுக்கு அழுதது? நீ சொல்லு, நீ சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருந்ததைப் பார்த்தவர்கள், ஆளுக்கொரு கைப்பேசி கொடுப்பதுதான் கல்வி என்று சொல்லவே மாட்டார்கள்.

இதை நான் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சுகத மித்ரா என்ற பேராசிரியர் 1999-இல் டில்லியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணிப்பொறி ஒன்றைப் பதித்து வைத்தார். சேரிக் குழந்தைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதை இயக்கப் பழகினார்கள். பிறகு அவர் நம் தமிழ்க் குழந்தைகளிடம் வந்தார். சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற கடற்கரைக் கிராமம். பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள தமிழ் பேசும் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. பற்றிய பாடத்தைக் கணிப்பொறியில், அதுவும் ஆங்கிலத்தில், வைத்துவிட்டுப் போய்விட்டார். தோற்றுப்போவார்கள் என்றுதான் அவரே எண்ணினாராம். தொடக்கத்தில் வைத்த தேர்வில் எல்லோரும் பூஜ்யம். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் நூற்றுக்கு முப்பது!

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிட்டு, ‘பார்த்தீர்களா, ஆசிரியரே வேண்டாம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. மீதிக் கதைதான் முக்கியம். முப்பது போதாது என்று மித்ரா நினைத்தார். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான, கணக்கு வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவரை உதவிக்குக் கேட்டார். அவருக்கோ டி.என்.ஏ. பற்றி ஒன்றும் தெரியாது. “பாட்டி எப்படிச் செய்வாரோ அப்படிச் செய், பின்னால் நின்று, அடேயப்பா, இதை எப்படிச் செய்தாய், எனக்கும் காட்டு என்று கேள், போதும்” என்பதுபோலச் சொன்னார் மித்ரா. மேலும் இரண்டு மாதத்தில் மதிப்பெண் ஐம்பது ஆயிற்று. டில்லியில் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் படித்த தனியார் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணும் ஏறக்குறைய அதுதான்.

முதல் முப்பதைக் கருவி தந்தது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது கூட்டம் தந்தது. ஒரு பிள்ளையை ஓர் அறையில் தனியாகப் பூட்டி அதே கணிப்பொறியைக் கொடுத்திருந்தால் ஒருவேளை பூஜ்யமே நின்றிருக்கும். மித்ராவும் ஒரு கணிப்பொறிக்குப் பல பிள்ளைகள் என்பதைத்தான் வற்புறுத்துகிறார். அடுத்த இருபது மதிப்பெண்களோ, பக்கத்தில் நின்று அக்கறையோடு கேள்வி கேட்ட ஒரு பெண் தந்தது.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்தபோது நாங்கள் அடைந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. முதல் வாரம் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தோம். மூன்றாவது வாரம், விளக்கை அணைத்ததும் பின் பெஞ்சில் தூக்கம் தொடங்கிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அழகான படம், இனிமையான குரல், சாத்தூர் வெயில். யார்தான் விழித்திருப்பார்கள்?

எங்கள் கணக்கு டீச்சர் இதைக் கவனித்தார்கள். ஒரு நாள் எங்களிடமே மனம் விட்டுச் சொன்னார்கள். “இருபது வருஷமா நான் பேசுறேன், நீங்க கேக்குறீங்க. இப்ப நான் பேசுறதுக்குப் பதிலா போர்டு பேசுது. வேற என்ன மாறியிருக்கு? நீங்க அப்பவும் சும்மா இருந்தீங்க, இப்பவும் சும்மாதான் இருக்கீங்க.” ஓர் ஆசிரியை மாணவியர் முன்னிலையில் இப்படிப் பேசுவது சாதாரண விஷயமா? அதன் பிறகு அவர்கள் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள். தோழிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. பள்ளியிலுள்ள கையடக்கக் கணினிகளில் நால்வருக்கு ஒன்று. பாடத்தையும் நான்காகப் பிரித்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு பகுதி. தன் பகுதியை அவள்தான் மற்ற மூவருக்கும் விளக்க வேண்டும். ஒருத்தி படிக்காமல் வந்தால் நால்வருக்குமே அந்த இடம் ஓட்டையாகிவிடும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார நேர்ந்து, சண்டையும் பகையுமாக இருந்தபோது, 1971-இல் எலியட் அரோன்சன் என்ற மனோதத்துவ நிபுணர் இந்த முறையைக் கையாண்டு அவர்களைப் பழக வைத்தார் என்று டீச்சர் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பகையெல்லாம் கிடையாது. ஆனால் முதல் பெஞ்சு, கடைசிப் பெஞ்சு என்ற இரண்டு தேசங்கள் உண்டு.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடத்துக்குப் பள்ளிக் கட்டடத்தின் உயரத்தை அளக்கச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் 2018 முதல் அச்சிடப்பட்டு வரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை, அதாவது கியூ.ஆர். குறியீட்டை, வைத்து முதலில் வீடியோ பார்த்தோம். பிறகு வெயிலில் இறங்கினோம். சுவரிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று, இருவர் பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கோணம் பார்த்தார்கள்: 40 பாகை. இருவர் கணினியிலுள்ள கோணம் அளக்கும் செயலியில் பார்த்தார்கள்: 43 பாகை. மூன்று பாகைதானே என்று தோன்றும். கணக்குப் போட்டு, கண்ணின் உயரம் 1.4 மீட்டரைக் கூட்டினால், பாகைமானிக்கு 11.47 மீட்டர், செயலிக்கு 12.59 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம்!

கணினி சொல்வதுதான் சரி என்று மூன்று பேர் அடித்துச் சொன்னோம். நாலாவது பெண் மட்டும் ஒப்பவில்லை. அவள் கடைசிப் பெஞ்சு. அதிகம் பேச மாட்டாள். “கவர் ஓரத்தை வச்சுல்ல பாத்தீங்க, கவர் ஒரு பக்கம் தடியா இருக்கு” என்றாள். கவரைக் கழற்றிப் பார்த்தால் 40 பாகைக்கு வந்து நின்றது. டீச்சர் மொட்டை மாடியிலிருந்து கயிறு விட்டு அளந்து காட்டினார்கள், பதினொன்றரை மீட்டர். செயலி பொய் சொல்லவில்லை, பாகைமானி மட்டும் உயர்ந்ததுமில்லை. இரண்டையும் ஒப்பிட்டு நால்வர் வாதாடியதால் விஷயம் வெளியே வந்தது. ஒருத்தியாகச் செய்திருந்தால் 12.59 என்று எழுதி அழகாக இரண்டு கோடு போட்டிருப்போம்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவர்கள். மருந்து முக்காத வெறும் குச்சிகள் அவளுக்குக் கிடைக்கும். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் வைத்து வடிவ கணிதம் கற்பிக்கும் வழியை மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்காக 1970-களின் இறுதியில் உண்டாக்கினார். அந்த வீடியோவை டீச்சர் போட்டுக் காட்டினார்கள். டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி இரு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு ஆகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். ஆறு குச்சியில் நான்கு முக்கோணங்கள் கொண்ட நான்முகி நிற்கும். பன்னிரண்டு குச்சி போட்ட கனசதுரமோ தள்ளாடும். பாலத்துக்கும் மின்கோபுரத்துக்கும் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி கட்டுகிறார்கள் என்பது கைக்கே தெரிந்துவிடும். நாங்கள் மூவரும் டியூப்பைக் கிழித்துக்கொண்டிருக்க, அவள் விரல்கள் குச்சிகளைச் செருகிக்கொண்டே போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று சதுரம் ஏன் சரிகிறது என்று முழு வகுப்புக்கும் விளக்கியவள் அவள்தான். உலகமெங்கும் தீக்குச்சி இருக்கிறது. ஆனால் தீக்குச்சியைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வர வேண்டிய ஊர் எங்கள் ஊர் என்று எனக்குத் தோன்றியது.

ஏனென்றால் இங்கே நெடுங்காலம் தீக்குச்சிதான் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று. சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறி, சட்டத்தை மீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று விதித்தது. இன்று எங்கள் வயதுப் பெண்கள் பள்ளிக்கூட வேனில் போகிறோம். அதற்கு முன்பே இந்த மண்ணின் மைந்தர் காமராஜர் இருந்தார். 1957-லும் 1962-லும் எங்கள் சாத்தூர்த் தொகுதியில் நின்று வென்றவர். பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைக்க அவர் கண்ட கருவி சாப்பாட்டுத் தட்டு. அதைவிடப் பெரிய கல்விக் கருவியை இதுவரை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை! அதையும் பிள்ளைகள் வரிசையாக ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

ஆனால் பத்தாம் வகுப்போடு நிறுத்துவது இன்னும் நின்றபாடில்லை. என் குழுவிலுள்ள அந்தப் பெண்ணையும் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணுக்குக் கைப்பேசி கொடுத்தால் கெட்டுப்போவாள் என்று இங்குள்ள பல வீடுகளில் நினைக்கிறார்கள். பெற்றோரின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பயப்பட வேண்டியவையும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயத்தின் விலையைப் பெண்பிள்ளைகள் மட்டுமே கொடுக்கிறோம், அண்ணன் தம்பிகள் கொடுப்பதில்லை. நால்வர் கூடிப் பார்க்கும் ஒரு கருவி, ஓர் ஆசிரியையின் கண்ணெதிரில், பள்ளியிலேயே இருந்தால் எந்த அம்மாவுக்கு என்ன பயம்? அதனால்தான் நால்வருக்கு ஒன்று போதும் என்கிறேன். சிக்கனத்துக்காக மட்டும் அல்ல.

குறைகளும் உண்டு. குழுவில் கெட்டிக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, மற்ற மூவரும் ‘சரி, சரி’ என்று எழுதிக்கொள்வது எங்கள் வகுப்பிலும் நடக்கிறது. சத்தம் அதிகம் என்று பக்கத்து வகுப்பிலிருந்து சொல்லியனுப்புகிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ‘இனி ரிவிஷன்’ என்று குழுக்களை எல்லாப் பள்ளிகளிலும் கலைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. பொதுத்தேர்வைத் தனித்தனியாகத்தானே எழுத வேண்டும் என்கிறார்கள். தேர்வைத் தனியாக எழுதலாம், படிப்பையும் தனியாகவா படிக்க வேண்டும்? மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே, பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். குறியீட்டைச் சேர்த்ததற்காகவும் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் செய்ததற்காகவும் 2020-இல் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசு பெற்றார். பெற்றவுடன் பாதியை, இறுதிச்சுற்றில் தம்மோடு இருந்த ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். போட்டியில் வென்றவரே அப்படிச் செய்யும்போது, ஒரு பாகைமானியையும் ஒரு கணினியையும் நாங்கள் பகிர்ந்துகொள்ளக் கூடாதா?

ஆகவே மதிப்பிற்குரிய தலைமை அன்னை அவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் இந்த மலரின் வழியே ஒரு வேண்டுகோள். மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படும் கணினி அறையை ஐந்தரை வரை திறந்து வையுங்கள். எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பெண்கள் முறைவைத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு டீச்சர் அங்கே இருந்தால் போதும். பாடம் நடத்த வேண்டாம், “இதை எப்படிச் செய்தாய், எனக்கும் காட்டு” என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். எங்கள் பக்கத்து வேன் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறது. அதை மட்டும் அரைமணி தள்ளி விடச் சொல்ல வேண்டும். வேன் டிரைவர் அண்ணனிடம் கேட்டுவிட்டோம். பள்ளியில் சொன்னால் சரி என்கிறார்.